இருட்டினால் யாருக்கும் கேட்கும், பகலில் கேட்டதைச் சொல்லுங்கள்

மீடியம் வேவ் ரேடியோவில் தூரத்து நிலையங்களைத் தேடும் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு இரவைச் சுற்றியே ஓடும். நாக்பூர் எப்படி வந்தது, வளைகுடாவிலிருந்து அரபிப் பாட்டு எத்தனை மணிக்கு மேலே ஏறியது, விடியற்காலை நாலரைக்கு யாருக்கு எந்த நாடு சிக்கியது, இப்படி. எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை, நானும் போர்வையைப் போர்த்திக்கொண்டு மொட்டை மாடியில் கொசுக்கடியில் உட்கார்ந்தவன்தான். ஆனால் புதிதாக இந்தப் பக்கம் வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது வேறு. மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள் பெட்டியில் என்னென்ன நிலையங்கள் கேட்கின்றன? முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. பகலில் என்ன சார் கேட்கும், லோக்கல்தானே என்பார்கள்.

அந்த லோக்கல் எங்கே முடிகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கிற இந்தப் பொழுதுபோக்குக்கு டி.எக்ஸிங் என்று பெயர். டி.எக்ஸ். என்பது தந்திக்காரர்கள் ‘தூரம்’ என்பதற்கு வைத்திருந்த சுருக்கம். ஏ.எம். ஒலிபரப்பில், அதிலும் வானொலி அறிவிப்பாளர்கள் ‘மத்திய அலை’ என்று சொல்லி நமக்குப் பழக்கிய அந்தப் பட்டையில் இதைச் செய்வது ஒரு தனி ருசி. நம் பகுதியில் பட்டை 531 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1602இல் முடிகிறது, நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. 1975இல் ஜெனீவாவில் பேசி முடித்து 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. அமெரிக்கக் கண்டம் மட்டும் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலேயே நின்றுவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பக்கத்து மீடியம் வேவ் எண் எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதோ பதினெட்டோதான் வரும், 999க்கு மட்டும் இருபத்தேழு. சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053, நாக்பூர் 1566, கூட்டிப் பாருங்கள். புதிதாக வாங்கிய டிஜிட்டல் ரேடியோவில் பாதி நிலையங்கள் கேட்கவில்லை என்று யாராவது புலம்பினால் பெட்டியைக் குறை சொல்லும் முன், அது பத்துப் பத்தாகத் தாவும்படி அமெரிக்கக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தின் படியில் 720 வரும், 936 வராது.

சரி, பகலுக்கு வருவோம்.

மீடியம் வேவ் நிலையத்தின் கம்பம் கிளப்பும் அலையில் ஒரு பங்கு மேலே வானத்துக்கு ஏறும், அது திரும்பி வந்து விழுவது இரவில்தான். இன்னொரு பங்கு தரையை ஒட்டியே போகும். தரை அலை என்பது அதுதான். போகிற வழியெல்லாம் மண் அதைத் தின்னும். எவ்வளவு தின்னும் என்பது மண்ணைப் பொறுத்தது. ஈரமான நஞ்சை நிலம் கொஞ்சமாகத் தின்னும், காய்ந்த பாறைக்காடு நிறையத் தின்னும், கடல்நீர் ஏறக்குறைய தின்பதே இல்லை. மின்சாரத்தைக் கடத்துவதில் உப்புத் தண்ணீருக்கும் வறண்ட பாறை நிலத்துக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அலைவரிசை எண் குறையக் குறையத் தரை அலை கூடுதல் தூரம் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சக்தியில் 540இல் ஒலிக்கும் நிலையம் பகலில் போகிற தூரத்தை 1500க்கு மேல் இருப்பது எட்டவே எட்டாது.

இதனால் ஒரே ஊரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிற இரண்டு நிலையங்களில் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று முனகலாகவும் வரும். ராமேசுவரத்திலிருந்து புத்தளம் சுமார் 150 கிலோமீட்டர், நடுவில் கிட்டத்தட்ட முழுக்க மன்னார் வளைகுடா. புத்தளத்தில் 882இல் 400 கிலோவாட் சக்தியுடன் நிறுவிய ஒலிபரப்பிக்கு அந்தக் கடல் பரப்பு ராஜபாட்டை மாதிரி. மட்டமான பாக்கெட் ரேடியோகூட நடு மத்தியானத்தில் எடுக்கும். அதே 150 கிலோமீட்டரை மதுரையிலிருந்து கொங்கு நாட்டுப் பக்கம் வறண்ட பாறை நிலத்தின் மேல் அளந்தால் கதை வேறு. எதிர்த்திசையிலும் இதே கணக்குத்தான். ஆகாசவாணி தூத்துக்குடியில் 200 கிலோவாட் ஒலிபரப்பியை 1053இல் வைத்து இலங்கைக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபரப்பியதற்குப் பின்னால் இருப்பது இந்தத் தண்ணீர்தான். தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்கள் இலங்கை வானொலியோடு வளர்ந்ததற்கு அறிவிப்பாளர்களின் குரலைக் காரணம் சொல்கிறோம், சரிதான், ஆனால் உப்புத் தண்ணீருக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம்.

பகல் அலையின் இன்னொரு குணம், அது மாறாது. இன்றைக்கு மத்தியானம் வந்த நிலையம் நாளைக்கு மத்தியானமும் அதே அளவில் வரும். மழைக்காலத்தில் மண் நனைந்தால் சிறு வித்தியாசம் தெரியலாம், அவ்வளவுதான். இதனால்தான் பகல் பட்டியலை நான் மதிக்கிறேன். இரவில் நீங்கள் பிடித்த நிலையத்தில் வானத்தின் தயவு எவ்வளவு, உங்கள் பெட்டியின் திறமை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பகலில் தயவுக்கு இடமே இல்லை. பெட்டி, ஆன்டெனா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம், இந்த மூன்றும் எப்படியோ அப்படித்தான் பட்டியல். புது ரேடியோ வாங்கினால், புது ஆன்டெனா கட்டினால், சோதிக்க வேண்டிய நேரம் உச்சி வெயில்.

பகலில் வானத்தின் வழியாக ஏன் ஒன்றும் வருவதில்லை? இந்தக் கேள்வியில் முதலில் இடறியவர்களில் மார்க்கோனியும் ஒருவர். 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டே இங்கிலாந்திலிருந்து வந்த சைகைகளை வாங்கிக்கொண்டிருந்தார். பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரைத் தாண்டியதும் அடங்கிப்போன சைகைகள், இரவில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எட்டின. வெயில் பட்டு அனுப்பும் கம்பியின் மின்னூட்டம் கசிந்துபோகிறது போலும் என்று அவர் ஊகித்தார். தப்பான ஊகம். ஆனால் ஆளைக் குறை சொல்ல முடியாது, மேலே அலையைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருக்கலாம் என்று கென்னலி, ஹெவிசைடு என்ற இரண்டு மின்னியல் அறிஞர்கள் தனித்தனியே எழுதியதே அதே 1902இல்தான். அது இருக்கிறது என்று நிரூபிக்க இன்னும் 22 வருடம் ஆனது. 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும் பி.பி.சி.யின் போர்ன்மவுத் நிலையத்தை இரவு நிகழ்ச்சி முடிந்த பிறகு இரவல் வாங்கி, அதன் அலைவரிசையை மெல்ல மெல்ல நகர்த்தச் சொல்லி, ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து ஒலி எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணினார்கள். தரை வழி வந்த அலையும் வானத்தில் பட்டு வந்த அலையும் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் போடுகிற அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து அடுக்கின் உயரம் கிடைத்தது, ஏறத்தாழ 90, 100 கிலோமீட்டர். 1947இல் ஆப்பிள்டனுக்கு நோபல் பரிசு. அவர் அளந்த அந்த ஏற்ற இறக்கத்தை நாம் ‘ஃபேடிங்’ என்று சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பகலில் நடப்பது இது. சூரியனின் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அப்படி உருவாகும் அடுக்குகளில் ஆகக் கீழே இருப்பது டி அடுக்கு, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் வரை. அங்கே காற்று ஓரளவு அடர்த்தி. மீடியம் வேவ் வந்து ஓர் எலெக்ட்ரானை ஆட்டினால் அது ஆடி முடிப்பதற்குள் பக்கத்து மூலக்கூறில் போய் முட்டி, வாங்கிய சக்தியைச் சூடாக விட்டுவிடும். அலை மேலே போகும் வழியிலேயே தீர்ந்துபோகிறது. சூரியன் மறைந்ததும், புதிதாகப் பிய்ப்பதற்கு ஆளில்லாததால், டி அடுக்கில் இருந்த எலெக்ட்ரான்கள் விறுவிறுவென்று மீண்டும் ஒட்டிக்கொண்டு அடுக்கே கலைந்துவிடும். அதற்கு மேலே 100 கிலோமீட்டரிலும் 250, 300 கிலோமீட்டரிலும் காற்று மெலிந்து கிடப்பதால் அங்குள்ள எலெக்ட்ரான்கள் அவ்வளவு சீக்கிரம் ஜோடி சேர்வதில்லை, ராத்திரி முழுக்க மிஞ்சியிருக்கும். தடுத்துக்கொண்டிருந்த பஞ்சு மெத்தை போய், மேலே கண்ணாடி மட்டும் மிச்சம். ஒரே தாவலில் ஆயிரம் கிலோமீட்டர், இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று அலை வந்து விழுகிறது.

இந்த இரவை நம்பியே கட்டிய நிலையமும் உண்டு. 1988இல் ஆகாசவாணி தொடங்கிய தேசிய ஒலிபரப்புக்கு நாட்டின் நடுவயிற்றில் நாக்பூரைத் தேர்ந்தெடுத்து 1566இல் 1000 கிலோவாட் ஒலிபரப்பியை நிறுத்தினார்கள். 1566 என்பது தரை அலைக்குச் சுத்தமாக லாயக்கில்லாத எண். ஆனால் நிகழ்ச்சியே இருட்டிய பிறகு தொடங்கி விடியும் வரை என்பதால் கவலை இருக்கவில்லை. இருட்டிவிட்டால் கன்னியாகுமரிக்கும் கேட்டது, காஷ்மீருக்கும் கேட்டது. தூத்துக்குடி 1053ஐயும் நாக்பூர் 1566ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பகலும் இரவும் இரண்டு தனித் தொழில்கள் என்பது பிடிபட்டுவிடும். ஒருவன் கடலைப் பார்த்துக் கட்டினான், இன்னொருவன் வானத்தைப் பார்த்துக் கட்டினான்.

இரவு எல்லாருக்கும் நல்லது செய்வதில்லை. நிலையத்திலிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களுக்கு இது தெரியும். பகலில் கண்ணாடி மாதிரி வந்த நிலையம் ஏழு மணிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல் குழறும், உப்பும், வற்றும். அந்தத் தூரத்தில் தரை அலையும் வான அலையும் ஏறக்குறைய சம பலத்தோடு வந்து மோதுகின்றன. ரேடியோ ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். மறுநாள் காலையில் கடைக்காரர் போட்டுப் பார்த்தால் தேன் மாதிரி பாடும்.

பகலுக்கும் இரவுக்கும் நடுவில் இருக்கிற அரைமணி நேரம் இருக்கிறதே, அனுபவசாலிகள் அதற்காகத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நம் கிழக்கே இருக்கிற ஊர்களில் முதலில் இருட்டுகிறது. மேற்கே இன்னும் வெயில், அந்தத் திசை நிலையங்களின் அலையை டி அடுக்கு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. ஆக, மாலையில் கொஞ்ச நேரம் பட்டை கிழக்குக்குச் சொந்தம். அமெரிக்க வானொலிக்காகத் தாய்லாந்தில் 1575இல் ஒலித்த 1000 கிலோவாட் ஒலிபரப்பி போன்றவற்றுக்கு அது நல்ல நேரம். நேரம் ஆக ஆக ஈரானும் அரபு நாடுகளும் ஏறிவந்து மூடிவிடும். விடியற்காலையில் இதே நாடகம் தலைகீழாக நடக்கும். கிழக்கு வெளுத்து அந்தப் பக்கத்து நிலையங்கள் கரைந்துபோக, மேற்கே உள்ளவை மட்டும் சிறிது நேரம் தனியாக நின்று பாடிவிட்டு, பிறகு அவையும் அமுங்கும். இதில் ஆகாசவாணி தன் பங்குக்கு உதவி செய்தது. காலை, மதியம், மாலை என்று ஒலிபரப்பை மூன்று பகுதியாகப் பிரித்து நடுவில் நிலையத்தை அணைத்துவைத்த வழக்கம் இருந்ததே, அணைத்த அந்த நிமிடத்தில் அதே எண்ணில் பின்னால் ஒளிந்திருந்த வேறொரு ஊர் எட்டிப்பார்க்கும். இரவு பதினொன்று மணிக்கு ‘இத்துடன் ஒலிபரப்பு முடிவடைகிறது’ என்று அறிவித்தால் கேட்பவர்கள் தூங்கப் போவார்கள், நாங்கள் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவோம்.

இதையே 1920களில் அமெரிக்காவில் முறைப்படி செய்தார்கள் என்பது ஆச்சரியம். சிகாகோ நகர நிலையங்கள் எல்லாம் திங்கள்கிழமை இரவில் வாயை மூடிக்கொள்ளும், ஊர் மக்கள் தூரத்து நிலையங்களைப் பிடித்து விளையாடட்டும் என்று! ‘அமைதி இரவு’ என்றே அதற்குப் பெயர். விளம்பரக் காசு வர ஆரம்பித்ததும் அந்தப் பெருந்தன்மை மறைந்துபோனது, வேறென்ன நடக்கும். பிற்பாடு அந்த நாட்டில் பொழுது சாய்ந்தால் சக்தியைக் குறைக்க வேண்டிய நிலையங்கள், முழுக்க மூடிவிட வேண்டிய பகல்நேர நிலையங்கள் என்று சட்டமே வந்தது. இரவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பாமல் இருக்க வேறு வழி இல்லை. சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. மட்டும் 1934 முதல் 1939 வரை 700 கிலோஹெர்ட்ஸில் 500 கிலோவாட்டோடு முழங்கியது. மற்ற பெரிய நிலையங்களுக்கு உச்ச வரம்பு 50 கிலோவாட்.

பகல் இரவு என்ற பாகுபாட்டையே ஏமாற்றுகிறவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். வடகோடி லாப்லாந்தில் இனாரி பக்கம் டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. டி அடுக்கு உருவாக வழியில்லை, மத்தியானம் பன்னிரண்டு மணியும் இரவுதான். அங்கே குடில் எடுத்துத் தங்கி, காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்து, அமெரிக்காவில் வெறும் ஒரு கிலோவாட்டில் ஒலிக்கும் சின்ன ஊர் நிலையங்களை நாள் முழுக்கப் பிடிக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் குளிருக்கு நம் மொட்டை மாடிக் கொசுவே தேவலை.

நமக்கு இயற்கை வைத்திருக்கும் தொல்லை வேறு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். அந்தக் கோட்டருகே பூமியின் காந்தப் புலம் படுக்கையாக, வடக்கு தெற்காகக் கிடக்கிறது. நட்டுவைத்த கம்பத்திலிருந்து கிளம்பும் அலை செங்குத்தாக ஆடுவது. அது கிழக்கு மேற்காகப் பயணம் செய்தால், காந்தப் புலத்தோடு ஒத்து, அதாவது படுக்கையாக ஆடும் பங்குதான் பிழைக்கும், செங்குத்தாக ஆடும் பங்கு மேலே வெகுவாக உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் நம் அலையில் பெரும்பங்கு செங்குத்துதானே! வடக்கு தெற்குப் பயணத்தில் இந்த நஷ்டம் இவ்வளவு இல்லை. ஆகவே நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவருக்கு, சம சக்தியும் சம தூரமும் உள்ள இரண்டு நிலையங்களில், வடக்கே இருப்பது நன்றாகவும் மேற்கே இருப்பது மந்தமாகவும் வந்தால் பெட்டி மேல் பழி போட வேண்டாம்.

பெட்டி என்றதும் எது வாங்கலாம் என்று கேட்பார்கள். உள்ளே நீளமான ஃபெரைட் கம்பி (மீடியம் வேவுக்கு அதுதான் ஆன்டெனா) இருக்கிற எந்த ரேடியோவும் தொடங்குவதற்குப் போதும், மேலே நீட்டுகிற ஸ்டீல் ஆன்டெனா மீடியம் வேவுக்கு ஒன்றும் செய்யாது, அதை நீட்டி நீட்டி உடைத்துவிடாதீர்கள். ஃபெரைட் கம்பியின் அழகு அது எதைக் கேட்கிறது என்பதில் இல்லை, எதைக் கேட்க மறுக்கிறது என்பதில் இருக்கிறது. கம்பியின் முனை ஒரு நிலையத்தைக் குறிவைத்து நின்றால் அந்த நிலையம் சட்டென்று அமுங்கும். பெட்டியை மெல்லத் திருப்பி உள்ளூர் நிலையத்தை அமுக்கினால், அடியில் அதே எண்ணில் இருக்கிற வேறு ஊர் வெளியே வரும். இந்த ஒரு வித்தை கைவந்தால் பாதி டி.எக்ஸிங் வந்த மாதிரி. அப்புறம் ஆசை அதிகமானால் இரண்டடிச் சதுரச் சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று இன்சுலேட்டட் வயரைச் சுற்றி, இரண்டு முனையையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங்கில் (நிலையம் மாற்றத் திருப்பும் மின்தேக்கி) பற்றவைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா வைத்துப் பாருங்கள். இந்த லூப் ஆன்டெனாவை ரேடியோவோடு இணைக்கவே வேண்டாம். கேங்கைத் திருப்பும்போது சரியான இடத்தில் முனகல் குரலாக மாறும்.

உண்மையான எதிரி வானமும் இல்லை, மண்ணும் இல்லை. எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போடுகிற கரகரப்பு. பகல் நிலையங்களின் மெல்லிய ஒலியை முதலில் கொல்வது இதுதான். தெருவில் கரண்ட் போனால் எல்லாரும் அலுத்துக்கொள்ளும்போது நான் மட்டும் ரேடியோவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன் (வீட்டில் இதைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது). ஒரு மத்தியானம் அப்படி மின்வெட்டில் முப்பது நிமிடம் கிடைத்தது. அதுவரை எங்கள் தெருவில் இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்த மூன்று நிலையங்கள் வந்தன, கரண்ட் வந்ததும் போயின. வசதி இருந்தால் ஊருக்கு வெளியே வயல் வரப்புக்கோ ஆளில்லாத கடற்கரைக்கோ ஒரு பகல் போய்வாருங்கள், அடுத்த பெட்டி வாங்கும் காசு மிச்சம்.

கேட்டதை எழுதிவைப்பது முக்கியம். தேதி, நேரம், எண், மொழி, என்ன நிகழ்ச்சி, எவ்வளவு தெளிவு. அந்தக் குறிப்பை நிலையத்துக்கு அனுப்பினால் ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று உறுதி சொல்லி வரும் கியூ.எஸ்.எல். அட்டைக்காகவே இதில் இறங்கியவர்கள் உண்டு. நான் அட்டை சேர்ப்பவன் இல்லை. ஆனால் பகலுக்கு ஒரு நோட்டும் இரவுக்கு ஒரு நோட்டும் தனித்தனியே வைத்திருக்கிறேன். இரவு நோட்டு தடிமன், பகல் நோட்டு மெல்லிசு, யாராவது கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது மெல்லிசைத்தான்.

இரண்டு நோட்டிலும் மூடிய நிலையங்களின் மேல் அடித்த கோடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஜெர்மனியின் டாய்ச்லாந்துஃபுங்க் வானொலி 2015இன் கடைசி நாளோடு மீடியம் வேவை விட்டது. திருகோணமலையில் 1548இல் ஒலித்த டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் அதற்கு முன்பே கைமாறியது. நாக்பூரின் தேசிய ஒலிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றது. ஆகாசவாணி பல ஊர்களில் மீடியம் வேவ் ஒலிபரப்பிகளை மூடிவிட்டு எஃப்.எம். பக்கம் போகிறது. சில இடங்களில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறை வந்திருக்கிறது, சாதாரண ரேடியோவில் அது வெறும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாக மட்டும் கேட்கும். ஒரு பெரிய நிலையம் போனால் அந்த எண்ணில் பின்னால் நிற்கும் சின்ன நிலையம் தெரிகிறது என்பது டி.எக்ஸ். ஆட்களுக்குக் கிடைக்கும் அற்ப லாபம். கொஞ்சம் அசிங்கமான லாபம்தான்.

பகலில் வானம் திறக்கிற ஒரே சந்தர்ப்பம் சூரிய கிரகணம். நிழல் விழுந்ததும் டி அடுக்கு மெலியும், நடுப்பகலில் தூரத்து நிலையம் தலைநீட்டும், நிழல் நகர்ந்ததும் அமுங்கும். 2010 ஜனவரி 15 மத்தியானம் தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் நின்றது. எல்லாரும் கண்ணாடி வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு ரேடியோவைக் கையில் எடுக்கத் தோன்றவில்லை, இன்றைக்கும் அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல் பக்கம் வந்தது இன்னொன்று, அதற்குள் எங்கள் தெருவில் எல்.இ.டி. வந்துவிட்டிருந்தது. அடுத்து 2031 மே 21 அன்று தென்னிந்தியாவைக் கடக்கப்போகும் வளைய கிரகணத்துக்காக லூப் ஆன்டெனா தயாராக இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பட்டையில் எத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் என் கவலை.